வேடந்தாங்கல் போன மூன்று கால் ஸ்டாண்டு

எங்கள் வீட்டுப் பரண் மேல் என்னென்ன இருக்கிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது. ஒரு பக்கம் இற்றுப்போன கொலுப்படிகள், பெரியவள் பிறந்தபோது வாங்கிய தொட்டில் கம்பி, மூடி தொலைந்த பித்தளை அண்டா. இவற்றோடு பச்சைக் கான்வாஸ் உறையில் நீளமாக ஒரு சாமானும் படுத்திருக்கும். என் கணவரின் கேமரா ஸ்டாண்டு. டிரைபாட் என்று சொல்வார்களே, அதுதான். எங்கள் வீட்டில் அதற்கு ‘ஸ்டாண்டு’ என்றே பெயர்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், 1983-ல், மூர் மார்க்கெட்டில் பழைய சாமானாக வாங்கியது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று நின்ற அந்தக் கட்டடத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம் என்று அங்கே கிடைக்காத சாமான் இல்லை. ஜப்பானில் செய்த அலுமினிய ஸ்டாண்டு என்று சொல்லி, அரைமணி நேரம் பேரம் பேசி இவர் வாங்கினார். “இந்தக் காசுக்கு ஒரு பிரஷர் குக்கர் வாங்கியிருக்கலாம்” என்று நான் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அந்த ஸ்டாண்டைப் பற்றி யார் கேட்டாலும், “இது மூர் மார்க்கெட்ல இருந்து தப்பிச்சு வந்தது” என்று பெருமையாகச் சொல்வார்.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் அந்த ஸ்டாண்டையும் கட்டுச்சாதத்தையும் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கல் போவது எங்கள் வழக்கம். முதலில் இரண்டு பேராக, பிறகு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு. ஒரு ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம்தான். “ஒண்ணு கூட வீணாகக் கூடாது, யாரும் நகராதீங்க” என்று இவர் போடும் அதட்டலில் குழந்தைகள் பறவைகளைவிட அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

<b>கை நடுங்க ஆரம்பித்தது</b>

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் காபி டம்ளரை வாங்கும்போது இவர் வலது கை நடுங்கியது. முதலில் நான் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு சட்டைப் பித்தான் போடும்போது, கையெழுத்துப் போடும்போது என்று அது கூடிக்கொண்டே வந்தது. பயந்துபோய் நரம்பு வைத்தியரிடம் காட்டினோம். நன்றாகப் பரிசோதித்துவிட்டு, “இது பார்க்கின்சன் வியாதி இல்லை. கை சும்மா மடியில் இருக்கும்போது நடுங்கவில்லை பாருங்கள். ஏதாவது பிடிக்கும்போதுதான் நடுங்குகிறது. வயதாகும்போது சிலருக்கு வரும், குடும்ப வாகாகவும் வரும்” என்றார். மாமனாருக்கும் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். காபியைக் குறைக்கச் சொன்னார். அந்த இரண்டாவது யோசனைதான் இவருக்குப் பிடிக்கவில்லை!

மாத்திரையில் ஓரளவு அடங்கியது, முழுக்கப் போகவில்லை. பேத்தியின் பிறந்தநாளன்று மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த புது டிஜிட்டல் கேமராவில் இவர் படம் எடுத்தார். குழந்தை அதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, எல்லாரும் ஆடறாங்க” என்று கை கொட்டிச் சிரித்தது. அதற்கு என்ன தெரியும்? இவரும் கூடச் சிரித்தார். அன்று ராத்திரி கேமராவைத் துணியில் சுற்றி பீரோவின் கடைசித் தட்டில் வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை. மூன்று தை மாதம் வந்து போயிற்று. “வேடந்தாங்கல் போகலாமா?” என்று கேட்டால், “இந்த வருஷம் தண்ணி இருக்காது”, “கூட்டமா இருக்கும்” என்று ஏதாவது ஒரு சாக்கு.

மனிதருக்குக் காபி குறைந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஆசை குறைந்துபோனால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மனசு கேட்காது. கை ஆடினால் என்ன, கேமரா ஆடாமல் இருந்தால் போதாதா? அதற்குத்தானே ஸ்டாண்டு? இந்த யோசனை எனக்கு ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வந்தது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து கான்வாஸ் உறையை இறக்கினேன்.

<b>என் கைவைத்தியம்</b>

இறக்கிப் பார்த்தால், ஸ்டாண்டின் நிலைமை பரிதாபம். கேமரா உட்காரும் பலகையில் ஒட்டியிருந்த கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. ஒரு காலின் அடியில் ரப்பரே இல்லை, மற்ற இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. தலைப்பக்கம் திருப்ப முடியாமல் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், ஒரு காலின் பூட்டு. காலை நீட்டி, பூட்டை மடக்கி, நிமிர்த்தி வைத்தால் ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு மெள்ள மெள்ள அந்தக் கால் மட்டும் உள்ளே இறங்கி, ஸ்டாண்டே ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை எடுத்து எல்லா மூட்டுகளிலும் தாராளமாக விட்டேன். கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய், மெஷின் இறுகினால் எண்ணெய், ஆகவே இதற்கும் எண்ணெய்! விட்ட பிறகு பார்த்தால், நன்றாக நின்றுகொண்டிருந்த மற்ற இரண்டு கால்களும் வழுக்க ஆரம்பித்துவிட்டன.

போனில் மகளிடம் சொன்னேன். “அம்மா, அதைத் தூக்கிப் போடு. நான் புதுசு ஆர்டர் பண்றேன், நாளைக்கே வந்துடும்” என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால், புதிதாக ஒன்று வந்து இறங்கினால் இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். “எனக்கு எதுக்கு இனிமே புதுசு?” என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு தைரியமில்லை.

<b>பாரிமுனைச் சந்து</b>

மறுநாள், பேத்திக்குப் பாவாடைத் துணி எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஸ்டாண்டைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பாரிமுனை. அங்கே ஒரு தெருவில் கல்யாணப் பத்திரிகை, ஒரு தெருவில் இரும்பு ஆணி, ஒரு தெருவில் பிளாஸ்டிக் சாமான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு. இரண்டு கடையில், “டிரைபாட் ரிப்பேரா? அதெல்லாம் யாரும் பண்றதில்லைம்மா, புதுசு வாங்கிக்குங்க” என்றார்கள். மூன்றாவது கடைக்காரர்தான், “அந்தச் சந்துல ஒரு பாய் இருக்கார், கேட்டுப் பாருங்க” என்று கை காட்டினார்.

மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கடை. எழுபது வயது இருக்கும் அந்தப் பெரியவருக்கு. புடவையைப் பிரித்ததுமே முகம் மலர்ந்தது. “அடடே, பழைய ஜப்பான் சாமான்” என்று குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

முதலில் அவர் பார்த்தது பூட்டையும் அல்ல, ரப்பரையும் அல்ல. மூன்று கால்களும் சேரும் தோள் பகுதியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “இங்க விரிசல் விட்டிருந்தா, குழாய் வளைஞ்சிருந்தா நானே தூக்கிப் போடச் சொல்லிடுவேன். இது ரெண்டும் நல்லா இருந்தா மத்ததெல்லாம் சில்லறை வேலைம்மா” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பூட்டைக் கழற்றி உள்ளேயிருந்து நகத்தளவு ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து கண்ணாடிபோல் இருந்தது. “பூட்டை மடக்கும்போது இந்தத் துண்டுதான் குழாயை அழுத்திப் பிடிக்கும். இது தேயணும், குழாய் தேயக் கூடாது. அதுக்காகத்தான் இதை மெதுவான சாமான்ல வெச்சிருக்கான்” என்றார். நாற்பது வருஷம் தேய்ந்தால் பிடிப்பு எப்படி இருக்கும்? நைலான் பலகையில் அதே அளவுக்கு அறுத்து, அரத்தால் ராவி, மூன்று கால்களுக்கும் புதிதாகப் போட்டார். பூட்டின் திருகையும் கொஞ்சம் முடுக்கினார்.

அப்போதுதான் அவர் விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. நிமிர்ந்து பார்த்தார். நான் அசடு வழிந்துகொண்டு தையல் மெஷின் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “மெஷின் ஓடணும்மா, அதுக்கு எண்ணெய் வேணும். இது நிக்கணும். நிக்கிற சாமானுக்கு எண்ணெய் விடலாமா?” என்றார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் குழாய்களை எல்லாம் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்தார். தலைப்பகுதியை மட்டும் கழற்றி, இறுகிப்போன பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டு, கடுகளவு புது கிரீஸ் தடவினார். “இது திரும்பற இடம், இதுக்குத் தேவை.”

கார்க்குக்கு அவர் சொன்ன வழி எனக்குத் தோன்றியே இருக்காது. கார் உதிரி பாகம் விற்கும் கடையில் கேஸ்கட்டுக்காகக் கார்க் தகடு விற்பார்களாம். பையனை அனுப்பி ஒரு துண்டு வாங்கிவந்து வெட்டி ஒட்டினார். கால் ரப்பர்? “மெடிக்கல் கடையில கைத்தடிக்குப் போடற ரப்பர் கேளுங்க. குழாயோட சுற்றளவை நூல்ல அளந்து எடுத்துட்டுப் போங்க. சரியா உக்காரும்.” எழுந்து நின்று ஸ்டாண்டை முழுக்க நீட்டி, உள்ளங்கையை மேலே வைத்துத் தன் பாரத்தைப் போட்டு அழுத்தினார். அது அசையவில்லை.

“ஐயா கேமரா எவ்வளவு வெயிட்டு?” என்று கேட்டார். ஒரு கிலோவுக்கும் குறைவு என்றேன். “அப்ப கவலையில்லை. பீரங்கி மாதிரி லென்ஸ் வாங்கினா இது தாங்காது, அப்ப புதுசுதான். இன்னொண்ணு, நடுத் தண்டை உயரமா ஏத்தாதீங்க. ஏத்த ஏத்த ஆட்டம் ஜாஸ்தி.” கூலியாக முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பாவாடைத் துணி வாங்கியிருந்தால் அதைவிட ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவில் ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தேன். இவர் ஈவினிங் வாக் முடித்து வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பூட்டைத் திறந்து மூடினார், தலையைத் திருப்பினார். குனிந்து காலைப் பார்த்துவிட்டு, “என்னது இது, கைத்தடி ரப்பரா? இது ஸ்டாண்டுக்கா எனக்கா?” என்றார். “இப்போதைக்கு ஸ்டாண்டுக்கு” என்றேன். சிரித்தார். “சரி, இந்த ஞாயித்துக்கிழமை வேணாம், கூட்டம் இருக்கும். புதன்கிழமை போகலாம்” என்றார்.

<b>ஏரி காத்த ராமர்</b>

வேடந்தாங்கல் சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். நாங்கள் ரயிலில் செங்கல்பட்டு வரை போனோம். பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி ஜன்னலோரம் விரிந்து கூடவே ஓடிவரும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. செங்கல்பட்டில் ஒரு வாடகைக் கார் பேசிக்கொண்டு, பாலாற்றைத் தாண்டி முதலில் மதுராந்தகம் போனோம். கோயில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பறவைகளோ சாயங்காலம்தான் கூட்டுக்குத் திரும்பும். ஆகவே காலையில் சுவாமி, மாலையில் பறவை என்று வைத்துக்கொள்வது சௌகரியம்.

மதுராந்தகத்து ராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். கும்பினியார் காலத்தில் இங்கே கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். மழைக்காலம் தோறும் ஏரிக்கரை உடைந்துகொண்டே இருந்ததாம். தாயார் சந்நிதியைப் புதுப்பிக்க ஊரார் உதவி கேட்டபோது, “இந்த வருஷம் கரை நின்றால் நானே கட்டித் தருகிறேன்” என்றாராம். கொட்டும் மழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர், வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரையைக் காவல் காப்பதைக் கண்டு அப்படியே மண்டியிட்டார் என்பது கதை. கரை நின்றது, சந்நிதி எழுந்தது. தாயார் சந்நிதிக் கல்வெட்டில் அந்தத் துரையின் பெயரை இன்றும் பார்க்கலாம். ராமானுஜருக்குப் பெரிய நம்பிகள் மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்ததும் இந்தத் தலத்தில்தான்.

இந்தக் கலெக்டரை ஏன் இத்தனை விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், வேடந்தாங்கல் பறவைகளுக்கும் அவர்தான் துணை நின்றார். கும்பினிச் சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுட, ஊர் ஜனங்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் பறவைகளை யாரும் தொடக் கூடாது என்று அவர் உத்தரவு எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சரணாலயம் என்று அங்கீகாரம் கிடைத்தது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இத்தனைக்கும் ஏரி சிறியதுதான், சுமார் 30 ஹெக்டேர்.

ஊராருக்குப் பறவை மேல் ஏன் இத்தனை பாசம்? கரையோரம் வேர்க்கடலை விற்ற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “அதுங்க எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாயுது. அதுவே உரம்மா. நாங்க தீபாவளிக்குக்கூட இங்க வெடி வெடிக்கிறதில்ல. மழைக்கு வந்த பொண்ணுங்க பிள்ள பெத்துக்கிட்டுப் போறாப்பல வருதுங்க, போவுதுங்க. பயமுறுத்தலாமா?” என்றார். பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் பெண்கள்! இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்?

<b>கரையில் ஒரு மாலை</b>

மூன்று மணிக்குக் கரையில் நடந்தோம். நுழைவுச் சீட்டோடு கேமராவுக்கும் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கருவேல மரங்களிலும் கடம்ப மரங்களிலும் கிளைக்குக் கிளை கூடுகள். பலமாடிக் குடியிருப்பு மாதிரி உச்சியில் ஒரு குடும்பம், நடுவில் ஒரு குடும்பம். மூக்குக்கு நடுவில் சந்து விட்ட நத்தைகுத்தி நாரை, நத்தையைப் பிடிப்பதில் கெட்டிக்காரி. வால் பக்கம் ரோஜா நிறம் பூசிய மஞ்சள் மூக்கு நாரை. தாடையில் பை தொங்கும் கூழைக்கடா. வளைந்த மூக்கோடு அரிவாள் மூக்கன், அகப்பை மூக்கோடு கரண்டிவாயன். நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது, நாம் கொடியில் துணி உலர்த்துவதுபோல.

இவர் இடம் பார்த்து ஸ்டாண்டை விரித்தார். மூன்று பூட்டையும் தாமே மடக்கினார். கொஞ்சம் காற்று இருந்ததால் கட்டுச்சாதப் பையைக் கயிற்றில் கட்டி நடுத் தண்டில் தொங்கவிட்டோம். பாரம் இருந்தால் ஸ்டாண்டு இன்னும் அழுத்தமாக நிற்கும். பழைய நாளிலும் அப்படித்தான் செய்வோம். கேமராவைப் பொருத்திக் குனிந்து பார்த்தார். “ஆடலை” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பத்துப் படம் எடுத்து, கேமராவிலேயே பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாம் கலங்கல். ஸ்டாண்டு நின்றது, கால்கள் இறங்கவில்லை. பித்தானை அழுத்தும் அந்த விரல்தான் கேமராவையே உலுக்கிவிட்டது. இன்னும் நாலு எடுத்தார். அதே கதி. முகம் வாடிப்போயிற்று. “போதும், கிளம்பலாம். பார்த்தாச்சு இல்ல?” என்று கேமராவைக் கழற்றப் போனார். எனக்குப் பேச்சே வரவில்லை. இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வந்து மறுபடி அவர் மனதை நோகடித்துவிட்டேனே என்றிருந்தது.

பக்கத்தில் பெரிய லென்ஸோடு ஒரு பையன் நின்றிருந்தான். கைத்தடி ரப்பரை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் கிட்டே வந்தான். “சார், ஸ்டாண்டு சூப்பரா இருக்கு, எந்த வருஷத்துது?” என்று கேட்டான். மூர் மார்க்கெட் கதையை இவர் சொன்னார், சுரத்தில்லாமல். பையன் கையைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சார், டைமரை ரெண்டு செகண்டுல வைங்க. எனக்கும் அழுத்தும்போது ஷேக் ஆகும், நானும் அப்படித்தான் எடுக்கறேன்” என்றான். தானே கேமராவில் அதைத் திருப்பிக் கொடுத்தான்.

இவர் பித்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு. கேமரா தானே ‘க்ளிக்’ என்றது. யாருடைய கையும் அதன் மேல் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தார். கூட்டில் நிற்கும் தாய் நாரை, கீழே பஞ்சு உருண்டைகளாக இரண்டு குஞ்சு. இறகு இறகாகத் தெரிந்தது.

“அட, இது நம்ம பழைய கேபிள் ரிலீஸ் வேலைதானே!” என்றார். ஃபிலிம் காலத்தில் ஒரு மெல்லிய கம்பியைத் திருகி, கேமராவைத் தொடாமல் அழுத்துவார். அது எங்கேயோ தொலைந்துபோயிற்று. அந்த ஞாபகம் வந்ததும் மனிதருக்குக் குரலே மாறிவிட்டது. பையனுக்கு அதைப் பற்றி அரைமணி நேரப் பாடம்!

பறந்துபோகும் பறவை இரண்டு விநாடி காத்திருக்காது. “பறக்கிறது போகட்டும். உக்கார்ந்திருக்கிறது போதும் எனக்கு” என்றார். ஐந்து மணிக்குமேல் இரை தேடிப்போன பறவைகள் வரிசை வரிசையாகத் திரும்ப ஆரம்பித்தன. வானமே சிறகாக இருந்தது. அப்போது அவர் படம் எடுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா பார்த்தார். கை நடுங்கத்தான் செய்தது. இரண்டு பருக்கை கீழே விழுந்தது. அதை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

<b>சில குறிப்புகள்</b>

வேடந்தாங்கல் போக நல்ல காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். மழை பொய்த்த வருஷம் பறவை குறைவாக இருக்கும், ஆகவே விசாரித்துக்கொண்டு போங்கள். பளிச்சென்ற நிறப் புடவை, சுடிதார் வேண்டாம். குழந்தைகளிடம் சத்தம் போடக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

உங்கள் வீட்டிலும் பழைய ஸ்டாண்டு இருந்தால்: தோளில் விரிசல், குழாயில் வளைவு இல்லையென்றால் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்தால் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டி வைத்து உலர்த்துங்கள். மணலும் உப்பும்தான் அதற்கு எமன். பூட்டில் எண்ணெய் விடவே விடாதீர்கள், நான் பட்டது போதும். புதிதாக வாங்குவதானால், நடுத் தண்டை ஏற்றாமலே நம் கண் உயரத்துக்கு வருகிறதா, நம் கேமராவைப்போல் இரண்டு மடங்கு எடையாவது தாங்குமா என்று கேளுங்கள். முறுக்கும் பூட்டைவிட மடக்கும் பூட்டு, வயதானவர் கைகளுக்குச் சுலபம்.

முக்கியமான ஒன்று. கை நடுக்கம் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. தைராய்டினால் வரலாம், சாப்பிடும் மருந்தினாலும் வரலாம். வயசாச்சு என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அன்று எடுத்த அறுபது படத்தில் ஏழு தேறியது. அந்தத் தாய் நாரையைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு, பேத்தி வீட்டுக்கு ஒன்று அனுப்பினோம். போனில் அவள் கேட்டாளாம், “தாத்தா, இதுல யாருமே ஆடலையே?” என்று. “அதுங்க நல்ல பிள்ளைங்க, சொன்னா கேட்டுக்கும்” என்று பதில் சொன்னார் இவர்.

ஸ்டாண்டு இப்போது பரணில் இல்லை. வாசல் கதவுக்குப் பின்னால், குடையோடு குடையாகச் சாய்ந்து நிற்கிறது. கூட்டும்போது இடிக்கிறது. இடிக்கட்டும்.